மாண்ட்ரியலில் முதல் இலையுதிர் காலம்: பனிக்கு முன் எட்டு வாரங்கள்

செப்டம்பர் கடைசியில் வந்திறங்குகிறவரை மாண்ட்ரியல் நன்றாக ஏமாற்றும். வெயில் அடிக்கும். பூங்காவில் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். மேப்பிள் மரங்கள் நுனியில் மட்டும் குங்குமம் தொட்டதுபோல் சிவக்கத் தொடங்கியிருக்கும். 'இதற்கா இத்தனை பயமுறுத்தினார்கள்' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நவம்பர் நடுவில் ஒரு காலை, துணிக் காலணியோடு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அந்த எண்ணம் கால்விரல் வழியாக வெளியேறியது.

ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் கூரையைச் சரிபார்த்து, விறகை உள்ளே அடுக்கி வைப்பது நம் ஊர் வழக்கம். மாண்ட்ரியலின் இலையுதிர் காலமும் அப்படி ஒரு கெடு வைத்த காலம். காகித வேலை, வீடு, வழி, காலணி, மொழி, அடுப்பு என்று செய்ய வேண்டியவை ஏராளம். நான் தலைகீழ் வரிசையில் செய்தேன். நீங்கள் நேர் வரிசையில் செய்யலாம்.

முதல் வாரம்: எண்ணும் அட்டையும்

ஒன்பது இலக்கச் சமூகக் காப்பீட்டு எண்தான் முதல் வேலை. பிரெஞ்சில் 'நாஸ்' என்பார்கள். பாஸ்போர்ட்டையும் அனுமதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் கனடா அலுவலகத்துக்குப் போனால் கட்டணமின்றித் தருவார்கள்; இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். தற்காலிக அனுமதியில் வந்தவர்களின் எண் 9-இல் தொடங்கும். வேலை தருபவருக்கு இந்த எண் தேவை. வீட்டு உரிமையாளருக்குத் தேவையில்லை, கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. கியூபெக் மாகாண அரசின் காப்பீட்டு அட்டையில் சூரியன் படம் இருப்பதால் ஊரார் அதைச் 'சூரிய அட்டை' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். விண்ணப்பித்த பிறகும் மூன்று மாதம் வரை காத்திருப்புக் காலம் உண்டு. அதனால் வந்த வாரமே விண்ணப்பித்துவிட்டு, இடைப்பட்ட மாதங்களுக்குத் தனியார் காப்பீடு எடுத்துவிடுங்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படிக்க வந்த மாணவர்களுக்கு இந்த அட்டை கிடைக்காது. பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்யும் காப்பீட்டில்தான் அவர்கள் இருக்க வேண்டும். 811 என்ற எண்ணை இப்போதே கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்திலும் ஒரு செவிலியர் பேசுவார், கட்டணம் கிடையாது. அவசரப் பிரிவில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதா, காலைவரை பொறுத்திருக்கலாமா என்பதை அவரே சொல்லிவிடுவார்.

வங்கிக் கணக்கைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கணக்குத் தொடங்கியதும் மாதிரிக் காசோலை ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கும் அதைக் கேட்பார்கள், வாடகைக்கும் கேட்பார்கள்.

வீடு: அரைக்கணக்கு

மாண்ட்ரியலில் வீட்டை அரையில்தான் சொல்வார்கள். மூன்றரை, நாலரை, ஐந்தரை. சமையலறை ஒன்று, கூடம் ஒன்று, படுக்கையறை இரண்டு, ஆக நான்கு. அந்த அரை, குளியலறை. இரண்டு படுக்கையறை வேண்டும் என்றால் நாலரை என்று தேட வேண்டும். முதல் இரண்டு நாள் நான் 'இரண்டு' என்று தேடிவிட்டு, ஊரில் வீடே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

இங்கே பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூலை 1 அன்று தொடங்கி மறு ஜூன் 30-இல் முடிகின்றன. ஜூலை முதல் நாள் பாதி ஊர் மெத்தையும் அலமாரியுமாகத் தெருவில் நிற்கும். இலையுதிர் காலத்தில் வருகிறவருக்கு ஒப்பந்தம் முடியாமல் நடுவில் விட்டுப்போகிறவர்களின் வீடுதான் அதிகம் கண்ணில் படும். விளம்பரத்தில் 'செஸ்ஸியோன் தெ பாய்' என்றிருந்தால் ஒப்பந்தமே உங்கள் பெயருக்கு மாறுகிறது. 'சூ-லொக்காசியோன்' என்றால் உள்வாடகை; பழைய குடித்தனக்காரரே உரிமையாளருக்குப் பொறுப்பாக இருப்பார். இரண்டில் எது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கியூபெக்கில் வீட்டு உரிமையாளர் முன்பணம் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. முதல் மாத வாடகையை மட்டும் முன்கூட்டிக் கேட்கலாம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவருக்கு இதை நம்பவே கஷ்டமாக இருக்கும். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் மோசடிக்காரர்களும் பிழைக்கிறார்கள்: வெளியூரில் இருக்கிறேன், பணத்தை அனுப்புங்கள், சாவியை அனுப்புகிறேன் என்பார்கள். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு டாலரும் அனுப்ப வேண்டாம். ஒப்பந்தத்துக்கு அரசின் வீட்டு வாடகைத் தீர்ப்பாயம் வகுத்த அச்சுப் படிவம் இருக்கிறது. அதில் 'ஜி' பிரிவைப் பாருங்கள். அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அந்த வீட்டுக்கு வாங்கிய மிகக் குறைந்த வாடகையை உரிமையாளர் அங்கே எழுத வேண்டும்.

பிறகு நான்கு கேள்விகள். வெப்பமூட்டும் செலவு வாடகையில் அடக்கமா? அடக்கம் என்றால் விளம்பரத்தில் 'ஷோஃபே' என்றிருக்கும். இல்லையென்றால் சுவரோரம் தாழ்வாக ஓடும் மின் வெப்பப் பட்டைகளுக்கான கட்டணம் ஜனவரியில் உங்கள் தலையில் விழும். அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் இருக்கின்றனவா? பல வீடுகளில் இருக்காது. துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறதா, இல்லை அதற்கான குழாய் இணைப்பு மட்டும்தானா? கடைசியாக, படிக்கட்டு எங்கே இருக்கிறது? பழைய பகுதிகளில் வீட்டுக்கு வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டுகள் இந்த ஊரின் அழகு. படம் பிடிக்கக் கூட்டம் நிற்கும். பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு உறைபனியில் அதில் ஏறிப் பார்த்தவர் படம் பிடிக்க மாட்டார்.

குடியேறியதும், காற்று வீசும் ஒரு மாலையில் ஜன்னல் இடுக்குகளில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் வன்பொருள் கடையில் ஜன்னலுக்கு ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் கிடைக்கும். விளிம்பில் ஒட்டி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் சுருக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு கண்ணாடிபோல் ஆகிவிடும். நவம்பருக்கு முன் செய்து முடியுங்கள்.

வழி: கிழக்கா மேற்கா

சேன் லோரான் என்ற நீண்ட சாலை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. குறுக்கே ஓடும் தெருக்களுக்கு அங்கிருந்துதான் கதவிலக்கம் தொடங்கும், இரண்டு பக்கமும். அதாவது ஒரே தெருவில் ஒரே இலக்கத்தில் இரண்டு கட்டடங்கள் இருக்கலாம். ஒன்று 'எஸ்ட்', கிழக்கு. மற்றது 'உவெஸ்ட்', மேற்கு. ஜான் தலோன் தெருவில் ஒரு வீடு பார்க்கக் கிளம்பிய நான், கிழக்கில் இருந்த அந்த வீட்டை மேற்கில் போய்த் தேடினேன். அந்த இலக்கத்தில் அங்கே இருந்தது ஒரு டயர் கடை. திரும்பி ஓடி வருவதற்குள் வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. முகவரியின் கடைசிச் சொல்லைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று: இங்கே 'வடக்கு' என்று சொல்வது உண்மையான வடக்கு இல்லை. ஆற்றின் போக்குக்கு ஏற்பத் தெருக்களைப் போட்டிருப்பதால் திசைகளெல்லாம் சாய்ந்து கிடக்கின்றன. ஊரார் கணக்குப்படி சூரியன் கிட்டத்தட்டத் 'தெற்கில்' உதிக்கும். வாஸ்து பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மெட்ரோ 1966 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. நான்கு தடங்கள், 68 நிலையங்கள். ரயிலுக்கு ரப்பர் சக்கரம். பனியில் அது சரிப்படாது என்பதால் முழுத் தடமும் பூமிக்கு அடியில். எந்தப் பக்கம் போகும் ரயில் என்பதைக் கடைசி நிலையத்தின் பெயரால் சொல்வார்கள். ஆகவே நீங்கள் அடிக்கடி போகும் தடத்தின் இரு முனைகளையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். ஆரஞ்சுக்குக் கோத்-வெர்த்து, மோன்மொரான்சி. பச்சைக்கு ஆங்க்ரின்யோன், ஒனொரே-போக்ராண்ட். நீலத் தடம் ஸ்னோடனுக்கும் சேன்-மிஷெலுக்கும் இடையே ஓடுகிறது. 'ஓபுஸ்' அட்டை ஒன்று வாங்கி மாதச் சீட்டை அதில் ஏற்றிக்கொள்வது மலிவு. நிலையத்தின் கதவுகளை முதலில் தள்ளும்போது யாரோ உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளுவதுபோல் இருக்கும். சுரங்கக் காற்றின் வேலை அது. தோள் கொடுத்துத் தள்ளுங்கள், பின்னால் வருகிறவருக்காக ஒரு கணம் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலணி முதலில், கோட்டு பிறகு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். எனக்கு இதைச் சொன்னவர் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். 1980-களில் வந்து இறங்கியவர். கறிவேப்பிலைக் கட்டை நிறுத்துக்கொண்டே என் காலைப் பார்த்தார். "தம்பி, முதலில் நல்ல சப்பாத்து வாங்குங்கள். உடுப்பைப் பிறகு பார்க்கலாம்" என்றார். நான் தலையாட்டிவிட்டுப் போய் ஒரு கோட்டு வாங்கினேன். அதன் விளைவைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

பூட்ஸ் தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். பனியைவிட அது உருகி உப்போடு கலந்து கிடக்கும் சேறுதான் காலை நனைக்கும். தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல்கள் அசைய இடம் இருக்கும் அளவில் வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் எத்தனை விலை கொடுத்தாலும் குளிரும். உள்ளுறையைத் தனியாகக் கழற்றி இரவில் உலர்த்த முடிந்தால் நல்லது. அடிப்பாகம் மென்மையான ரப்பராக, ஆழமான பள்ளங்களோடு இருக்க வேண்டும்.

மேலுடுப்புக்கு அடுக்கு முறைதான். அக்டோபரில் காலை 4, 5 டிகிரியில் கிளம்பி, பிற்பகல் 15 டிகிரியில் திரும்ப வேண்டியிருக்கும்; மெட்ரோவுக்குள் வியர்க்கும். ஒரே கனத்த உடுப்பு இதற்கு ஒத்துவராது. உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளுடுப்பு, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றும் மழையும் புகாத மேற்கோட்டு. நாம் உயிராக மதிக்கும் பருத்தியை இங்கே அடி அடுக்கில் போடக்கூடாது. வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிரச் செய்யும். கோட்டு இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும். காதை மூடும் கம்பளித் தொப்பிக்கு இங்கே 'தூக்' என்று பெயர். விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் 'மித்தேன்' கதகதப்பு அதிகம்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ரெனேசான்ஸ், வில்லாஜ் தே வலேர் போன்ற பழைய துணிக் கடைகளில் நல்ல கோட்டுகள் சொற்ப விலைக்குக் கிடைக்கும். அக்டோபர் முதல் பாதியில் போங்கள். முதல் குளிர் அலை வந்தபின் போனால் கோடைச் சட்டைகள்தான் மிஞ்சியிருக்கும். பூட்ஸை மட்டும் புதிதாக வாங்குவதே என் கட்சி. அடுத்தவர் காலுக்குப் பழகிய அடிப்பாகம் உங்களை வழுக்கிவிடும்.

கடையில் ஒட்டியிருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது. மத்திய வரி 5 சதவீதம், மாகாண வரி 9.975 சதவீதம், 100 டாலர் கோட்டுக்கு 115 டாலர் எடுத்து வையுங்கள். அரிசி, காய்கறி, பால் போன்றவற்றுக்கு இந்த வரி இல்லை.

மொழி: 'போன்ஜூர்' என்ற சாவி

ஆங்கிலத்தை வைத்தே இந்த ஊரில் காலம் தள்ள முடியும் என்று சிலர் சொல்வார்கள். தள்ளலாம். ஆனால் பின்வாசல் வழியாகவே நுழைந்துகொண்டிருப்பீர்கள். 1977-இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனம் கடைப் பலகை முதல் பள்ளிக்கூடம் வரை இந்த மாகாணத்தின் முகத்தை மாற்றியது. குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகள், சில விலக்குகள் நீங்கலாக, பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். 2022-இல் சட்டம் மேலும் இறுகியது. நீங்கள் வந்து ஆறு மாதம் ஆனதும், மருத்துவம், பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் தவிர, அரசு அலுவலகங்கள் உங்களோடு பிரெஞ்சில் மட்டுமே பேச வேண்டும் என்பது விதி. பிரான்ஸிலேயே 'ஸ்டாப்' என்று எழுதியிருக்கும் சாலைப் பலகையில் இங்கே 'அரே' என்று எழுதியிருக்கும். தன் மொழிக்காகப் பலகையில் தார் பூசிய ஊரிலிருந்து வந்த நமக்கு இந்தப் பிடிவாதம் புரியாமல் போகாது.

எனவே, கடைக்குள் நுழைந்ததும் முதல் சொல் 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் நேராகக் 'கேரட் எங்கே' என்று கேட்பது, வீட்டுக்குள் வந்தவர் வணக்கம் சொல்லாமல் சாப்பாடு கேட்பதைப்போல. நகர நடுவில் 'போன்ஜூர்-ஹாய்' என்று இரண்டு மொழியிலும் வரவேற்பார்கள். இது பெரிய விவகாரமாகி, 'போன்ஜூர்' போதும் என்று கடைக்காரர்களைக் கேட்டுக்கொண்டு 2017-இல் மாகாணச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானமே போட்டது. நீங்கள் பிரெஞ்சில் தடுமாறினால் அவர்கள் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். விடாதீர்கள்; 'நான் கற்றுக்கொள்கிறேன்' என்று பிரெஞ்சிலேயே சொன்னால் முகம் மலரும், வேகமும் குறையும்.

வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். 2023 ஜூனில் தொடங்கிய 'ஃபிரான்சிசாசியோன் கெபெக்' என்ற அரசு அமைப்பில் பதிவுசெய்தால் இலவசமாகக் கற்றுத் தருகிறார்கள். முழுநேரம், பகுதிநேரம், இணையம் என்று வகைகள் உண்டு. இடம் கிடைக்கத் தாமதமாகலாம். அதனால் இன்றே பெயரைக் கொடுத்து வையுங்கள். அதுவரை பெரி-யூகாம் மெட்ரோவை ஒட்டியுள்ள கிரான்ட் பிப்லியோத்தேக் நூலகத்தில் உட்காரலாம். கியூபெக்கில் குடியிருப்பவருக்கு உறுப்பினர் அட்டை இலவசம், வெப்பமும் இலவசம்.

தமிழருக்கு ஒரு வசதி: நீ, நீங்கள் என்ற வேறுபாடு நமக்குப் புதிதில்லை. 'து' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். ஆனால் கியூபெக்காரர்கள் 'நீ'க்கு விரைவாக இறங்கிவிடுவார்கள். மேலாளரே முதல் நாளில் 'நீ' என்றால் அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டு நேரங்களிலும் பாரிஸ் பாடப்புத்தகம் உதவாது. பாரிஸில் 'தெஜெனே' மதிய உணவு. இங்கே அது காலை உணவு. மதியம் 'தினே', இரவு 'சூப்பே'. 'தினே'க்கு அழைத்தவர் வீட்டுக்கு இரவு எட்டு மணிக்கு ஆப்பிள் பையோடு போய் நிற்காதீர்கள். எண்களைப் பற்றி ஒன்றே சொல்கிறேன்: 97-ஐ 'நான்கு இருபது, பதினேழு' என்ற கணக்கில் சொல்வார்கள். கல்லாவில் நிற்கும்போது காதை நம்பாமல் திரையைப் பார்ப்பதே உசிதம்.

அடுப்பு: சந்தையும் ஊறுகாயும்

செப்டம்பரும் அக்டோபரும்தான் வாயும் வயிறும் குளிரும் மாதங்கள். 1933 முதல் இருக்கும் ஜான் தலோன் சந்தைக்குச் சனிக்கிழமை காலையில் போங்கள். தக்காளி கூடை கூடையாக விற்கும். பக்கத்துத் தெரு இத்தாலியக் குடும்பங்கள் ஆண்டு முழுமைக்கும் சாறு காய்ச்சி வைப்பார்கள். நாம் தொக்குக் கிளறி வைக்கலாம். கத்தரிக்காய், குடைமிளகாய், விதவிதமான பூசணிகள் எல்லாம் குவிந்திருக்கும். புளிக்குழம்புக்கும் சாம்பாருக்கும் அந்தப் பூசணிகளில் பாதிக்கு மேல் பொருந்துகின்றன.

கியூபெக்கில் கிரான்பெர்ரி பெருமளவில் விளைகிறது; அறுவடை இந்தக் காலத்தில்தான். ஊரில் 'அத்தோக்கா' என்ற பழைய பெயரும் உண்டு. மாங்காய் இல்லாத ஏக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது: நல்லெண்ணெய், கடுகு, வெந்தயப் பொடி, பெருங்காயம், மிளகாய்த்தூள், கொஞ்சம் வெல்லம். இந்த ஊறுகாய் ஒரு பாட்டில் இருந்தால் தயிர்சாதம் ஜனவரி வரை தைரியமாகப் போகும். தாளிக்கும்போது மட்டும் புகைபோக்கி விசிறியைப் போட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வரமிளகாய் நெடிக்குப் புகை எச்சரிக்கைக் கருவி கூவத் தொடங்கினால் அடுக்குமாடி முழுதும் எட்டிப் பார்க்கும். அதற்காக மின்கலத்தைக் கழற்றி வைப்பது ஆபத்து, சட்டத்துக்கும் ஒவ்வாது.

சந்தையில் சோளத்தைப் 'பிளே தேந்த்' என்பார்கள், அதாவது 'இந்தியக் கோதுமை'. அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றியறிதல் நாளில் மேசைக்கு வரும் வான்கோழி 'தேந்த்'. அதுவும் 'இந்தியாவின் கோழி' என்பதன் சுருக்கம். முதல் உறைபனிக்குப் பிறகு திடீரென்று நாலைந்து நாள் வெயில் அடித்தால் அது 'இந்தியர்களின் கோடை'. மூன்றுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. கொலம்பஸ் வழி தவறியதன் மிச்சங்கள். 'உங்கள் ஊர்ப் பண்டம்தானே' என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முருங்கைக்காய், இட்லி அரிசி, கறிவேப்பிலைக்குப் பார்க்-எக்ஸ்டென்ஷன், கோத்-தெ-நேஜ் பகுதித் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. தீவின் மேற்கே தொலார்-தே-ஓர்மோவில் முருகன் கோயில் இருக்கிறது. நவராத்திரியும் தீபாவளியும் இந்தக் குளிரில்தான் வரும். பால்கனியில் பட்டாசு வேண்டாம், அகல் விளக்கும் அதிரசமும் போதும். அக்டோபர் 31 மாலையில் வேஷம் போட்ட பிள்ளைகள் கதவைத் தட்டினால் கொடுக்க மிட்டாய் வாங்கி வையுங்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று அர்த்தம்.

ஒரு நாள் மலைக்கு

அக்டோபர் இரண்டாம் வாரத்தில், மழையில்லாத ஒரு நாளைப் பார்த்து மோன்-ரொயால் ஏறுங்கள். 233 மீட்டர்தான், திருப்பரங்குன்றம் ஏறியவருக்கு மூச்சு வாங்காது. மோன்-ரொயால் மெட்ரோ நிலையத்திலிருந்து 11-ஆம் எண் பஸ்ஸும் போகிறது. 1876-இல் திறந்த பூங்கா அது. கொந்தியாரோங்க் மேடையிலிருந்து நகரமும் சேன் லோரான் ஆறும் தெரியும். இந்த மலையைவிட உயரமாகக் கட்டடம் எழுப்பக்கூடாது என்று நகரசபை விதி வைத்திருக்கிறது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஒரு காற்று மழை போதும், இலை மொத்தமும் தரைக்கு வந்துவிடும். நனைந்த இலைமேல் நடக்கும்போது வாழைப்பழத் தோலை நினைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர்: விளக்கு மாதம்

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்று மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். டிசம்பர் தொடக்கத்தில் நாலே காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஊர் நினைவு அழுத்துவது குளிராலல்ல, இந்த இருட்டால்தான் என்பது என் அனுபவம். மதிய இடைவேளையில் இருபது நிமிடமாவது வெளியே நடந்துவிடுங்கள். வைட்டமின் டி பற்றி மருத்துவரையோ மருந்தகத்தில் இருப்பவரையோ கேளுங்கள். வீட்டுக்குப் பேசும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். சென்னைக்கும் இங்குக்கும் ஒன்பதரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் பத்தரை ஆகிவிடும். மறந்தால் அம்மா தூங்கப்போன பிறகு மணி அடிக்கும்.

கார் வைத்திருப்பவர்கள் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் போட்டே ஆக வேண்டும். நவம்பர் கடைசியில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், அக்டோபரிலேயே நாள் குறித்து வையுங்கள்.

முதல் பனி விழும் நாளில் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். பூட்ஸைப் போட்டுக்கொண்டு, அலுவலகத்தில் மாற்ற ஒரு சாதாரணக் காலணியைப் பையில் வையுங்கள். குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுதும் பதியும்படி, வரப்பில் நடப்பதுபோல் சின்ன அடியாக நடங்கள். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு தட்டு இருக்கும், பூட்ஸைக் கழற்றி அதில் வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போக வேண்டும். அந்தத் தட்டு உங்கள் வீட்டுக்கும் வேண்டும். ஓரம் உயர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். உருகும் தண்ணீர் கொஞ்ச நஞ்சமல்ல.